பன்சலை வாசலில் கழற்றிய செருப்பு

மஞ்சள்கொல்லைத் தோட்டத்தில் தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறி, ஓடையைக் கல்லுக் கல்லாகத் தாண்டி, காலில் ஏறும் அட்டைகளைச் சுண்ணாம்பு தொட்டு உதிர்த்துக்கொண்டே போனால், நாகமரங்களுக்கு நடுவே ஒரு சிறிய புத்த கோயில் வரும். தோட்டத்து ஆட்கள் அதைக் காட்டுப் பன்சலை என்பார்கள். வெள்ளை மணல் பரப்பிய முற்றம், வெள்ளைக் குமிழ்போல ஒரு சின்னத் தாதுகோபம், தகரக் கூரை போட்ட தியான மண்டபம், ஒரு குழாயடி, சில சாதுக்கள், அவ்வளவுதான். ஒரு வருடம் வெசாக் போயா என்னும் வைகாசிப் பௌர்ணமி அன்று, கும்பிட வந்தவர்கள் எல்லாம் உள்ளே கண்மூடி உட்கார்ந்திருந்த நேரத்தில், அவர்கள் வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள் ஒவ்வொரு சோடியாகக் கிளம்பி, மணலில் தடம் பதித்து, ஓடைக்கல்லில் தயங்கித் தயங்கிக் கால் வைத்து, அவரவர் மனம் எங்கே போயிற்றோ அங்கே போய்விட்டு, மணி அடிக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றன.

பன்சலையில் யாரும் சத்தம் போடக் கூடாது என்பதால், அதைப் பார்த்தவர்களும் சத்தம் போடவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். வீட்டில் இருந்தவர்கள் சோறு வடித்துக்கொண்டே கேட்டார்கள்.

"வெறும் செருப்பா போச்சு?"

"வெறும் செருப்புதான்."

"எந்தக் கால் முன்னால போச்சு?"

"வலது."

"அப்ப சரி."

ஏன் போகின்றன என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்பதற்கு அதைவிட அவசரமான விஷயங்கள் இருந்தன. செருப்பின் அடியில் ஒட்டிவந்த மண்ணை வீட்டுக்குள் கொண்டுவரலாமா, சாவு வீட்டுக்குப் போய்வந்த செருப்பு என்றால் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டுமா, புருஷன் செருப்பின் அடியைப் பெண்சாதி பார்க்கலாமா என்பதையெல்லாம் லயம் என்னும் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் பேசி முடிவு செய்ய ஒரு மாதம் ஆயிற்று. பிள்ளைகளின் செருப்புகள் ஓடைக்கு மேல் போகவில்லை. வாலாட்டும் தவளைக் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தன. புத்தரையே நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்ன ஒரு மேசன் செருப்பில் கள்ளுக்கடை வாசலின் சேறு இருந்தது. ஊமை மாதிரி இருக்கும் ஒருவனுடைய செருப்பில் இராகலைப் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டத்து மண் ஒட்டியிருந்தது. அங்கே யார் வாழ்க்கைப்பட்டுப் போயிருக்கிறாள் என்று தெரிந்த அவன் பெண்சாதி, அந்த மண்ணைச் சுரண்டித் தகர டின்னில் போட்டு, ஒரு கிழங்கை நட்டு, விளைந்ததும் கறிவைத்துப் பரிமாறினாள். அவனும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். அதற்குப் பிறகு அவன் செருப்பு தோட்டத்து எல்லையைத் தாண்டியதில்லை. உறவுகளை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு இங்கே தங்கிவிட்டவர்களின் செருப்புகள் கடல் தண்ணீரில் ஊறி வந்து, வெயிலில் காயக் காய உப்புப் பூத்து வெளுத்தன. வீரய்யா என்ற கிழவருடைய செருப்பில் செம்மண்ணோடு ஒரு நிலக்கடலைத் தோல் ஒட்டியிருந்தது. தங்கச்சி வீட்டில் கடலை காயப்போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

செருப்பைக் கயிற்றால் மரத்தில் கட்டிவிட்டு உட்காரப் போனவர்களும் உண்டு. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று பாதியில் எழுந்து வந்து அவர்களே அவிழ்த்துவிட்டார்கள். ரப்பர் செருப்பெல்லாம் ஒன்றுபோல இருப்பதால் அடையாளத்துக்கு வாரில் நூல் சுற்றும் பழக்கம் வந்தது. சந்தியில் கடை வைத்திருந்த மொஹிதீன் நானா ஒவ்வொரு நிறத்திலும் நூல்கண்டு வாங்கித் தொங்கவிட்டார்.

பன்சலையின் பெரிய சாது விளக்குமாற்றை எடுத்து மணலில் பதிந்த தடங்களைக் கூட்டி அழித்துக்கொண்டே சொன்னார்: "செருப்பு போகட்டும். ஆள் இங்கே இருக்கிறாரா என்று பாருங்கள்." எல்லோரும் தலையாட்டினார்கள். மணி அடித்ததும் செருப்பைத்தான் பார்த்தார்கள்.

ஒரே ஒரு சோடி மட்டும் எங்கேயும் போகவில்லை. அது காட்டோரத்துச் சிங்களக் கிராமத்தில் தனியாக இருந்த குசுமாவதியினுடையது. புருஷனைப் புதைத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு போயாவுக்கும் வெள்ளை உடுத்திப் பன்சலைக்கு வந்து, அழுகிற மனத்தை இழுத்து இழுத்து மூச்சில் கட்டி, கடைசியில் அதை வளர்த்த நாய் மாதிரி காலடியில் படுக்கப் பழக்கிவிட்டவள் அவள். மற்ற செருப்பெல்லாம் கிளம்பிப் போனபின் வெறும் மணலில் அவளுடைய பழுப்புச் செருப்பு மட்டும் நிற்பதைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்டினார்கள்.

தவமணி வந்தது அதைப் பார்க்க அல்ல.

தவமணி கீழ்லயத்துக்காரி, கொழுந்து பறிப்பவள். அவளுக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது. நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே தலை சீவுவாள், கலியாண வீட்டில் மணமக்கள் உட்கார்ந்திருக்கும்போது இவள் பந்தல் காலை அசைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். புருஷன் செத்தபின் அவளுக்கு இருந்தது மகள் நிரோஷினி ஒருத்திதான். தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு நாள் பகல் பஸ்ஸில் ஏறிப் போன நிரோஷினி பிறகு வரவில்லை. அவளுடைய போன் நம்பருக்கு எடுத்தால் ஒரு பெண் மூன்று பாஷையிலும் மாறி மாறி அது பாவனையில் இல்லை என்றாள். தவமணி அம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள், அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினாள், மை போட்டுப் பார்த்தாள், கொழும்பில் தெரிந்த வீடுகளின் மணியை எல்லாம் அடித்தாள். மகள் திரும்பி வர வேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை. எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும் என்றுதான் கேட்டாள். செருப்புச் சங்கதி காதில் விழுந்த அன்று, மனம் மகளிடம் போனால் செருப்பும் மகளிடம் போகும், போனால் அந்த வாசலின் மண்ணைக் கொண்டுவரும், மண்ணைப் பார்த்தால் ஊரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரே மூச்சில் கணக்குப் போட்டு, அடுத்த போயாவுக்கு முதல் ஆளாக ஓடையைத் தாண்டினாள்.

ஆனால் அவள் மனமும் அவளைப் போலவேதான் இருந்தது. மகளை நினைக்க உட்காருவாள். கோழிக்கு இரை வைத்தேனா என்று வரும். மறுபடி மகளை நினைப்பாள். அடுப்பில் கங்கு இருக்கிறதே என்று வரும். மணி அடித்ததும் ஓடிவந்து செருப்பைத் திருப்பினால், கோழிப் பீ, அடுப்புச் சாம்பல், தேயிலைப் பெக்டரித் தூள், அம்மன் கோயில் குங்குமம், குழாயடிப் பாசி, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியிருக்கும். அதற்குள் எங்கேயாவது மகள் வாசலின் மண்ணும் இருந்தாலும் யாரால் பிரித்தெடுக்க முடியும்? ஊசியால் கிளறிப் பார்ப்பாள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாழையிலையில் கொட்டிப் பார்ப்பாள்.

பக்கத்து வீட்டு ஜெயசீலி ஒரு நாள் வேலியோரம் வந்து நின்றாள்.

"தவமணி, ஒன் செருப்பு என் பாத்தியில ஏறி மிதிச்சிட்டுப் போயிருக்கு. கொத்தமல்லி போச்சு."

"என் மனசு அங்க போனதுக்கு நான் என்னா செய்ய?"

"ஒன் மனசக் கொஞ்சம் ஓரமா நடக்கச் சொல்லு."

மாதத்துக்கு மாதம் ஊரெல்லாம் அவரவர் மண்ணை அடையாளம் கண்டுகொண்டு திருப்தியாகப் போக, தவமணி மட்டும் குப்பையைக் கொண்டுபோய்க் கிளறிக்கொண்டிருந்தாள். சிரிக்காதவர்கள் குறைவு. ஆவணிப் போயாவுக்கு முந்தின நாள் லயத்துக் குழாயடியில், குடங்கள் வரிசையில் நிற்க, ஜெயசீலி தண்ணீர் பிடித்துக்கொண்டே, தவமணி பின்னால் நிற்பது தெரிந்தும் தெரியாத மாதிரி மற்றவர்களிடம் சொன்னாள்:

"புள்ளையச் செருப்பால அடிச்சி வெரட்டினவ, இப்ப அதே செருப்ப அனுப்பித் தேடுறா."

யாரும் சிரிக்கவில்லை, அது நடந்ததும் அதே குழாயடியில்தான் என்பதால். நிரோஷினி தாய்க்கு நேர்மாறு. எங்கே விட்டாலும் அங்கே உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்தால் எறும்பு போவதையோ மூடுபனி இறங்குவதையோ பார்த்துக்கொண்டே இருப்பாள். அன்று காலையும் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டு, அது நிறைந்து வழிந்து வாய்க்கால் கட்டி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு நேரமாகிவிட்ட தவமணி அந்த இடத்திலேயே காலில் கிடந்ததைக் கழற்றினாள். எல்லோரும் பார்த்தார்கள். நிரோஷினி எழுந்தாள். நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் இருக்கிற இடத்தில் வைத்து மூடிவிட்டு, பகல் பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாள் பன்சலையில் உட்கார்ந்தபோது தவமணிக்குக் கோழி நினைவு வரவில்லை. அடுப்பு வரவில்லை. கண்ணை மூடினால் குடத்தோடு போகும் ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகின் பின்னாலேயே அவள் மனம் ஓடையைத் தாண்டி, தேயிலையைத் தாண்டி, பஸ் போகும் ரோட்டைத் தாண்டி, வேறெங்கும் திரும்பாமல் போயிற்று. மணி அடித்தது. இன்றைக்கு நிச்சயம் என்று எழுந்து ஓடிவந்தாள்.

வாசலில் எல்லாச் செருப்பும் வரிசையாக, நுனி வெளியே பார்க்க, சொட்டச் சொட்ட ஈரமாக, சவர்க்கார வாசனையோடு பளபளவென்று நின்றன.

குசுமாவதி குழாயடியில் செருப்புத் தேய்த்த தேங்காய் நார்ப் பொச்சைப் பிழிந்துகொண்டிருந்தாள். அது அவளுடைய தாய் இறந்த மாதம். தாய் பேரில் ஏதாவது பின் சேர்க்க வேண்டும், புண்ணியத்தைச் சிங்களத்தில் பின் என்பார்கள், என்று நினைத்தவள், ஊர்ச் சேறெல்லாம் வந்து வெள்ளை மணல் அழுக்காவதைப் பார்த்து, விடியவே தன் தியானத்தை முடித்துக்கொண்டு வந்து, திரும்பி வரும் செருப்புகளை ஒவ்வொன்றாகக் கழுவி வைத்திருந்தாள்.

அந்தப் பன்சலை கட்டப்பட்ட நாளிலிருந்து கேட்டிராத சத்தம் அன்று கேட்டது.

"என் தம்பி கட்டார்ல இருக்கான், அந்த மணலக் கழுவிட்டாங்க."

"செருப்படிய நான் பார்க்கவே இல்லையே, அவரு எங்க போனாருன்னு இனி எப்பிடித் தெரியும்?" என்றாள் ஒருத்தி.

"நல்லதாப் போச்சுன்னு விடு" என்றான் அவள் புருஷன்.

தவமணி சிவப்பு நூல் சுற்றிய தன் செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் இருந்த வரிக்கோடுகள்கூடத் தெரிந்தன. குசுமாவதி அவளைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னாள்:

"உங்கடதுதான் சரியான கஷ்டம். மத்த நாள் மாதிரி இல்ல, முழுக்க ஒரே மண்ணு. கறுப்பு. பசை மாதிரி ஒட்டி இருந்திச்சு. ரெண்டு தரம் சோப்புப் போட்டது."

தவமணி குழாயடிக்குப் போனாள். தண்ணீர் ஓடிய வழியே குனிந்து நடந்தாள். வாய்க்கால் நாகமரத்து வேரைச் சுற்றிக்கொண்டு போய் ஓடையில் இறங்கியிருந்தது. ஓடை எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தது. அவள் திட்டவில்லை. ஈரச் செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனாள். கழுவியவளுக்கு விஷயத்தை மற்றவர்கள் சொன்னார்கள். குழாயடிக் கதையையும் சேர்த்தே சொன்னார்கள். குசுமாவதி பொச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த போயாவில் தவமணி மறுபடி அந்த முதுகைப் பிடிக்கப் பார்த்தாள். முடியவில்லை. முதுகு வருவதற்கு முன்னால் தேங்காய்ப் பொச்சு வந்தது. அவள் செருப்பு நேரே குசுமாவதியின் வீட்டுக்குப் போய், வாசற்படிக்கு முன்னால், மணி அடிக்கும்வரை நின்றது. அன்று காய்ச்சலில் பன்சலைக்கு வராமல் படுத்திருந்த குசுமாவதி சன்னலால் அதைப் பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கீழ்லயத்துக்கு வந்துவிட்டாள்.

"உங்கட செருப்பு என் வாசல்ல வந்து நிண்டிச்சு."

"தெரியும். நிக்கட்டும்."

"திட்டினாப் பரவாயில்ல. சும்மா நிண்டா எனக்குத் தாங்க ஏலாது."

தவமணி பழத்தை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. முறத்தை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். குசுமாவதி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"நான் உட்காருறேன். உங்கட மகளுக்காக. என் மனசு வைச்ச எடத்துல நிக்கும். ஆனா நான் அந்தப் புள்ளையப் பார்த்தது இல்ல. நீங்க சொல்லுங்க."

"ஒங்க மனசுதான் எங்கயும் போகாதாமே, குசுமா அக்கா."

"போக விட்டாப் போகும்."

"திரும்பி வந்து பழைய மாதிரி நிக்குமா?"

"அது தெரியாது" என்றாள் குசுமாவதி, வாழைப்பழத்தைத் தானே ஓர் இடம் பார்த்து வைத்துக்கொண்டே.

அந்த மாதம் முழுவதும் வேலை விட்டதும் தவமணி கூடையை இறக்கிவிட்டுக் காட்டோரத்துக்குப் போனாள். முதல் நாள், மகள் மாநிறம், ஒடிசல், இடது புருவத்தில் தழும்பு, ஓ லெவல் பரீட்சை பாஸ் என்றாள். "அது போட்டோ" என்றாள் குசுமாவதி. "குழாயடிக் கதையும் எனக்குத் தெரியும். அதையும் விடுங்க. மகளைச் சொல்லுங்க." தவமணி அந்த வீட்டு முற்றத்தில் இங்கும் அங்கும் நடந்துகொண்டே சொன்னாள். ரொட்டியின் கருகின பக்கத்தை முதலில் தின்றுவிட்டு நல்ல பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கோழியிடம் சிங்களத்தில் பேசுவாள், கோழி சிங்களக் கிராமத்தில் வாங்கியது, தமிழ் தெரியாது என்பாள். மழை வந்தால் எல்லோரும் உள்ளே ஓட, இவள் கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சொல்லச் சொல்லத் தவமணிக்கு ஒன்று தெரிந்தது. மகளைப் பற்றி அவளிடம் இருந்ததெல்லாம் மகள் எங்கேயாவது உட்கார்ந்திருந்தது, அதற்கு இவள் ஏசியது, இந்த இரண்டுதான். ஏசாமல் பார்த்தது என்று எடுத்துச் சொல்ல ஒன்று கிடைக்குமா என்று தேடினாள், நடை நின்றது.

"தூங்கும்போது பார்த்திருக்கேன்" என்றாள் கடைசியில். "கை ரெண்டையும் கன்னத்துக்குக் கீழ வச்சிக்குவா. யாரும் எடுத்துறக் கூடாதுங்கிற மாதிரி."

குசுமாவதி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ஆ" என்றாள். "இப்பத் தெரியுது."

ஐப்பசிப் போயா மழையோடு விடிந்தது. குசுமாவதியின் செருப்பு அசையுமா என்று பார்க்க இரண்டு தோட்டத்து ஆட்களும் ஒரு கிராமத்து ஆட்களும் குடையும் சாக்குமாக வந்து நின்றார்கள். ஒரு கிழவி, இத்தனை வருடம் கட்டி வைத்ததை அவிழ்த்து விடப்போகிறாளே, அதுவும் யாரோ பெற்ற பிள்ளைக்காக என்று சிங்களத்தில் முணுமுணுத்தாள். குசுமாவதி பழுப்புச் செருப்பைக் கழற்றி ஒதுக்கினாள். சிவப்பு நூல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தவமணியும் பின்னால் போனாள். பெரிய சாது குசுமாவதியைப் பார்த்தார், பாயை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார்.

எல்லாச் செருப்பும் போயின. பழுப்புச் செருப்பு நின்றது. மழை விழுந்தது. பிறகு அது, வெகுகாலம் படுக்கையில் கிடந்தவர் எழுந்து நிற்பதைப் போல, ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, ஒரு அடி வைத்தது. நின்றது. இன்னொரு அடி வைத்தது. ஓடையருகில் போனபோது அதன் நடை சரியாகியிருந்தது. மரங்களுக்குப் பின்னால் மறையும்போது அது ஓடிக்கொண்டிருந்தது.

மணி அடித்தது. மற்ற செருப்புகள் வந்துவிட்டன, அவரவர் தங்கள் மண்ணைக்கூடப் பார்க்காமல் மாட்டிக்கொண்டு காத்து நின்றார்கள். பழுப்புச் செருப்பு வரவில்லை. தானத்துச் சோறு பரிமாறி முடிந்தது. வரவில்லை. மழை தணிந்து மறுபடி பிடித்தது. ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். ஜெயசீலி மட்டும் போகவில்லை. ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்காததால் அவளும் சொல்லவில்லை. தவமணியின் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தவமணி செருப்பை மாட்டாமலே வாசலுக்கும் குழாயடிக்கும் நடந்தாள். குடையும் கூடவே நடந்தது.

"கடலுக்குள்ள போயிருச்சோ?" என்றாள் தவமணி.

"வாய மூடு" என்றாள் ஜெயசீலி.

குசுமாவதி வெறுங்காலால் மணலை அளைந்துகொண்டே, "காலுக்குக் குளிரா நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஆனால் அவள் கண் ஓடைப் பக்கமே இருந்தது.

பிற்பகலில் பழுப்புச் செருப்பு ஓடையைத் தாண்டி ஏறி வந்தது. அதற்குள் இரண்டு கால்கள் இருந்தன.

நிரோஷினி மெலிந்திருந்தாள். பாவாடை ஓரத்தில் கறுத்த சேறு. கையில் மாவு காய்ந்து வெடித்திருந்தது, வேலையின் நடுவே எழுந்து வந்தவள் மாதிரி. வாசலுக்கு வெளியே நின்று, யாரையும் தனியாகப் பார்க்காமல் கேட்டாள்:

"இது யாரோட செருப்பு?"

"என்ட" என்றாள் குசுமாவதி.

"எங்க வாசல்ல நின்னுச்சு. பாவம், யாராவது தேடுவாங்கன்னு போட்டுக்கிட்டு இறங்கினேன். பஸ்ல போன அத்தன தூரம், இதப் போட்டதும் ரெண்டு வளைவு தாண்டினா இந்தக் காடு." காலை உருவிச் செருப்பைக் குசுமாவதிக்கு முன்னால் சோடியாக வைத்தாள். அதன் பிறகுதான் நிமிர்ந்தாள். "அம்மா."

எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், தின்றாயா, ஏன் இப்படி இருக்கிறாய், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று தவமணியின் வாய்க்குள் எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. வெளியே வந்தது வேறு.

"அட்டை கடிச்சிருக்கா?"

நிரோஷினி காலைப் பார்த்தாள். "ஒண்ணு."

தவமணி இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்தாள், மகளுக்கு முன்னால் குனிந்தாள், விரலால் தொட்டு வைத்தாள். அட்டை சுருண்டு விழுந்தது. அவள் கையை எடுக்கவில்லை. கெண்டைக்காலில் வழிந்த இரத்தத்தை முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து மகளின் குரல் கேட்டது.

"ஒன் செருப்பும் வந்துச்சு."

தவமணி நிமிரவில்லை.

"போன போயா ஒண்ணத் தவிர ஒவ்வொரு போயாவுக்கும் வரும். கொஞ்ச நேரம் நிக்கும், போயிரும், மறுபடி வரும். நான் அதத் திருப்பி ரோட்டுப் பக்கமா வச்சிட்டுக் கதவச் சாத்திக்குவேன். ஒரு தடவ ரொம்ப நேரம் நின்னுச்சு. நகரவே இல்ல. கதவத் தொறந்து பார்த்தேன். அப்பவும் போடல."

"ஏன் புள்ள?"

"அத எப்பிடிம்மா நான் கால்ல போடுறது?"

ஜெயசீலியின் குடை ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் ஒழுகியது. அதை யாரும் நிமிர்த்தவில்லை.

"வேலைக்குச் சொல்லாம வந்துட்டேன். போகணும்" என்றாள் நிரோஷினி.

"வெறுங்காலோட எப்பிடிப் போற? இதையே போட்டுக்கொள்ளு மகள்" என்று குசுமாவதி பழுப்புச் செருப்பைத் தள்ளினாள்.

"வேணாம். அது ஒங்களோடது."

தவமணி எழுந்தாள். வரிசையில் கடைசியாகக் கிடந்த சிவப்பு நூல் செருப்பை இரண்டு கையாலும் எடுத்தாள். அன்றைக்கும் அதில் கறுப்பு மண் அப்பியிருந்தது, இந்தத் தடவை வேறெதுவும் கலவாமல். இத்தனை மாதம் அவள் ஊசியால் தேடிய மண். அவள் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. மகளின் காலுக்கு முன்னால், நுனி பாதையைப் பார்க்க, கீழே வைத்தாள்.

"போட்டுட்டுப் போ. எங்கன்னு கேக்க மாட்டேன். அதுக்கு வழி தெரியும்."

நிரோஷினி செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மழை வார்களில் விழுந்து, குழிந்த இடத்தில் தேங்கி, வழிந்தது. குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தைவிடக் கூடுதலான நேரம் அவள் அப்படி நின்றாள். தவமணி தன் இரண்டு கையையும் ஒன்றாகப் பிடித்து அடக்கிக்கொண்டு, ஏசாமல், அவசரப்படுத்தாமல், பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கால் உள்ளே போயிற்று. பெருவிரல் வாரைத் தேடிப் பிடித்தது. மற்றக் காலும் போயிற்று.

"கொஞ்சம் பெருசு" என்றாள்.

திரும்பி நடந்தாள். ஈர ரப்பர் குதிகாலில் சளக் சளக் என்று அடித்தது.

"குசுமா அக்கா" என்றாள் ஜெயசீலி, "ஒங்க செருப்பு போகுது."

குசுமாவதி கண்மூடவில்லை, உட்காரவும் இல்லை. தன்பாட்டில் நின்றுகொண்டுதான் இருந்தாள். பழுப்புச் செருப்பு வெறுமையாக, பெண்ணுக்கு நாலடி பின்னால், அவள் வேகத்துக்குச் சரியாக, பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"தெரியும்" என்றாள் குசுமாவதி. "ஓடையில தண்ணி கூடியிருக்கு. புள்ள தாண்டுற வரைக்கும் போயிட்டு வரட்டும்."

தவமணி மழைச் சத்தத்துக்குள் தன் செருப்பின் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று காதைக் கொடுத்துக்கொண்டு, மணலில் வெறுங்காலோடு நின்றாள்.